ரீமர்ஸின் இரண்டு முழங்கால்கள்

மார்னி குசெரா டிரெய்னருக்குப் படிக்கிறாள் என்று தெரிந்ததும் ஊரில் பாதிப்பேர் அவளிடம் தொப்பை குறைய வழி கேட்டார்கள். மீதிப்பேர் எடை தூக்கச் சொல்லித்தருவாளா என்று விசாரித்தார்கள். அடிபட்ட ஆட்டக்காரர்களைப் பார்த்து, கட்டுப் போட்டு, யார் மைதானத்துக்குத் திரும்பலாம், யார் கூடாது என்று சொல்கிற வேலை அது என்று அவள் ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தாள். அப்படியானால் நர்ஸா என்று கேட்டாள் அவளுடைய சித்தி. இல்லை என்றாள் மார்னி. டாக்டரா? அதுவும் இல்லை. சித்தி, தண்ணீர் பாட்டில் தூக்குவதற்கு இவ்வளவு செலவழித்துப் படிக்க வேண்டுமா என்று மார்னியின் அம்மாவைத் தனியாகக் கேட்டாள்.

முதல் மாதம் மார்னி செய்த வேலையை யாராவது நேரில் பார்த்திருந்தால் சித்தியின் பக்கம்தான் பேசியிருப்பார்கள். நெப்ராஸ்காவின் சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியில் அவள் பாட்டில்களைக் கழுவினாள், நிரப்பினாள், தூக்கினாள். ஐஸைப் பைகளில் அள்ளிப்போட்டு, காற்றை வாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு முடிச்சுப் போட்டாள். வியர்வை நாறும் துண்டுகளை இயந்திரத்தில் திணித்தாள். மனித உடம்பின் எலும்புகளையெல்லாம் பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தெரிந்த ஒருத்திக்கு, அந்த எலும்புகள் எதையும் தொட அனுமதி இல்லை.

பிறகு டேப் வந்தது. ஆட்டத்துக்கு முன் மூட்டு பிசகாமல் இருக்கச் சுற்றுகிற வெள்ளை டேப்பைக் கத்தரிக்கோல் இல்லாமல் விரலாலேயே கிழிக்கப் பழகுவதற்கே ஒரு வாரம் போயிற்று. அப்புறம் கணுக்கால். மடிப்பு விழுந்தால் கொப்புளம் வரும். இடைவெளி விட்டால் அந்த இடத்தில் தோல் பிதுங்கும். இறுக்கினால் கால் மரத்துப்போகும், தளர்த்தினால் கட்டியதற்கே அர்த்தமில்லை. மார்னி அறைத்தோழியின் கணுக்காலில் பழகினாள். தோழி பொறுக்காமல் எழுந்து ஓடியதும் நாற்காலிக் காலில் பழகினாள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேஜையின் நான்கு கால்களுக்கும் கட்டுப் போட்டுவிட்டாள். மேஜைக்குச் சுளுக்கு வராது என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டக்காரர்களுக்குக் கட்டுப் போடுகிற அந்த டிரெய்னர் அறைக்குத் தலைவி ட்ரூடி ஹாகன். கல்லூரியின் அத்தனை விளையாட்டுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான். ஆகவே எப்போதும் எங்கிருந்தோ வந்துகொண்டிருப்பாள், அல்லது எங்கேயோ போய்க்கொண்டிருப்பாள். மாணவர்களுக்கு அவள் கற்றுக்கொடுத்ததில் பாதி நடந்துகொண்டே சொன்னது. அதில் ஒன்றை மட்டும் நின்று சொன்னாள்: ஒருவன் அடிபட்டு வந்தால் முதலில் கேள், பிறகு பார், பிறகு தொடு, கடைசியில்தான் இழுத்துப் பார்.

கேட்பதில் மார்னிக்கு நம்பிக்கை இல்லை. அதற்குக் காரணம் ஏமோஸ். வகுப்பில் யாருக்கும் உண்மையில் அடிபட்டிருக்காது என்பதால் மாணவர்களே மாறி மாறி நோயாளியாகப் படுப்பார்கள். ஏமோஸுக்கு அதில் தனி ஆசை. வானம் இடிந்து விழுந்ததுபோல முனகுவான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அன்றைய பாடத்தில் இருந்த ஜவ்வைச் சரியாக விரலால் காட்டுவான். போன முறை பாராசூட்டில் இருந்து குதித்தபோது விழுந்ததாகச் சொன்னவன், அடுத்த முறை மாடு உதைத்ததாகச் சொல்வான். இந்தக் கதைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டுவது ஒரு சடங்கு என்றும், கதை முடிந்து காலைக் கையில் எடுக்கும்போதுதான் வேலை தொடங்குகிறது என்றும் மார்னி முடிவுகட்டியிருந்தாள்.

அவள் கைகளும் அந்த முடிவுக்குத் துணைபோயின. இரண்டாம் வருடம் செப்டம்பரில், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஆடுகிற அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு அவளை அனுப்பியபோது, அவள் டேப் சுற்றிய யாருக்கும் நான்கு ஆட்டங்களாகக் கணுக்கால் பிசகவில்லை. அது தற்செயல் என்று ட்ரூடி சொன்னாள். ஆட்டக்காரர்கள் அதைக் கைராசி என்றார்கள். ஒரே காலுறையைத் துவைக்காமல் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு ஆடுகிற கூட்டம் அது. ட்ரூடியின் மேஜை காலியாக இருக்க, மார்னியின் மேஜை முன் வரிசை கதவைத் தாண்டி நீண்டது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் வரிசை எதுவரை நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வரிசையில் எப்போதும் கடைசியில் நிற்பவன் காசன் ரீமர்ஸ். கல்லூரியில் அவனுக்குக் கடைசி வருடம், எதிரணியை மறித்துத் தள்ளுகிற முன்வரிசைக்காரன். நண்பர்கள் அவனைக் குதிர் என்று கூப்பிடுவார்கள். தானியக் குதிர் மாதிரியே அகலம், அதே அளவு பேச்சு.

அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமைப் பயிற்சியில் இரண்டு விபத்துகள் ஒன்றாக நடந்தன. பந்து பிடிக்க ஓடியவன் ஒருவன் தலையில் அடிபட்டு, இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு வெள்ளி என்றான். ட்ரூடி அவனிடம் ஓடினாள். அதே நேரத்தில் மறுபக்கம் ரீமர்ஸ் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போய்ப் பார், எனக்கு வந்து சொல் என்று ட்ரூடி மார்னியிடம் சொல்லிவிட்டுத் தலைக்காரனோடு உள்ளே போனாள்.

மார்னி வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையிலேயே அடிபட்ட ஒரு முழங்காலின் முன் மண்டியிட்டாள். ரீமர்ஸ் முனகவில்லை. எந்த ஜவ்வையும் விரலால் காட்டவில்லை. ஒன்றுமில்லை, எவனோ மேலே விழுந்துவிட்டான் என்றான். கொஞ்சம் வீக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

முழங்காலின் உள்ளே குறுக்கே ஓடும் ஜவ்வு அறுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி இருக்கிறது. காலை லேசாக மடக்கி, தொடையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுக்க வேண்டும். ஜவ்வு நன்றாக இருந்தால், கட்டிய கன்றின் கயிறு விறைத்து நிற்பதுபோலச் சட்டென்று நிற்கும். அறுந்திருந்தால் முடிவே இல்லாமல் குழைந்துகொண்டு வரும். மார்னியின் கை சின்னது, ரீமர்ஸின் தொடை பெரியது. அவள் அதற்கும் தயாராக இருந்தாள். தன் முழங்காலை அவன் தொடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, அந்தப் பாரத்தை மடியில் தாங்கிக்கொண்டாள். நல்ல காலை முதலில் பார்க்க வேண்டும் என்பது விதி. அடிபட்ட காலை அதனோடு ஒப்பிட வேண்டும். வலது காலை இழுத்தாள். கொஞ்சம் குழைந்து வந்தது. இடது காலை இழுத்தாள். அதே அளவு குழைந்து வந்தது. இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

வகுப்பில் இழுத்துப் பார்த்த கால்கள் இப்படி இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வகுப்பில் யாரும் ஒரு குதிர் அளவு இல்லை. பெரிய உடம்பு என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று சமாதானம் செய்துகொண்டாள். ட்ரூடியிடம் போய், இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது என்றாள். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தத் தொடையைப் பிடிப்பது சாதாரண விஷயமா?

ட்ரூடி மறுநாள் விடியற்காலை வாலிபால் பெண்களோடு பஸ்ஸில் வெளியூர் போக வேண்டும். அவன் உடற்பயிற்சி சைக்கிள் மட்டும் மிதிக்கட்டும், வெள்ளிக்கிழமை வந்து நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் பக்கத்தில் நின்ற கோச் ஷ்ரேடரின் காதில் 'ஒன்றுபோல' என்பது மட்டும்தான் விழுந்தது. சாயங்காலத்துக்குள் சனிக்கிழமை ஆட்டத்தில் ரீமர்ஸ் இருக்கிறான் என்று அணி முழுவதும் தெரிந்துவிட்டது. குதிரின் காலுக்கு ஒன்றுமில்லை, மார்னி பிடித்துப் பார்த்துவிட்டாள் என்றார்கள்.

வியாழக்கிழமை அவள் இந்தப் பெருமையை ஏமோஸிடம் சொல்லாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பெரிய உடம்புக்காரர்களின் முழங்கால் இயல்பாகவே தளர்ந்திருக்கும் என்று அவனுக்குப் பாடம் எடுத்தாள். எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஏமோஸ் கேட்டான். புத்தகத்தில் இல்லை, கையில் தெரிகிறது என்றாள். ஏமோஸ் நம்பவில்லை. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அவனையும் இழுத்துக்கொண்டு ஆட்டக்காரர்களின் விடுதிக்குப் போனாள்.

முன்வரிசைக்காரர்களை ஒவ்வொருவராகச் சோபாவில் படுக்கவைத்துக் காலை இழுத்தாள். முதல் ஆள் ரீமர்ஸைவிடக் கனம். அவன் கால் சட்டென்று நின்றது. அடுத்தவனுடையதும் நின்றது. அதற்கடுத்தவன் பீட்சாவைத் தின்றுகொண்டே காலை நீட்டினான், அதுவும் நின்றது. விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறும் பருத்த பெண்மணி, பிள்ளைகள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து கால் கொடுத்தாள். அறுபது வயதுக் கால். அதுவும் சட்டென்று நின்றது. ஏமோஸ் முதலில் கேலிசெய்துகொண்டு வந்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப குதிரோட கால் மட்டும் ஏன் நிக்கல?" என்றான்.

அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அவனுக்கு நல்ல கால் என்று ஒன்று இல்லவே இல்லை.

ரீமர்ஸ் சாப்பாட்டுக்கூடத்தின் மூலையில் தனியாக உட்கார்ந்து, இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைப் பிய்த்து, சில்லி என்கிற காரமான கறிக்குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். இடது காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தான். மார்னி எதிரே போய் நின்றாள்.

"உன் வலது முட்டிக்கு என்ன ஆச்சு?"

"அடிபட்டது இடதும்மா. அதுக்குள்ள மறந்துட்டியா?"

"இடதப் பத்தி நான் கேக்கல."

அவன் அடுத்த துண்டைத் தோய்த்துத் தின்றான். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் நடந்தது என்றான் பிறகு. ஓடும்போது உள்ளே ஏதோ முறிந்த மாதிரி சத்தம் கேட்டது, விழுந்தான். அறுவடை நேரம், டாக்டரிடம் போக யாருக்கும் கை ஒழியவில்லை. அப்பா ஐஸ் கொடுத்தார். டிராக்டரில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நாள் ஓட்டினான். வலி போய்விட்டது.

"வலி போச்சு. ஜவ்வும் போச்சு," என்றாள் மார்னி.

"அது இல்லாமலே நாலு வருஷம் ஆடிட்டேனே. அப்ப அந்த ஜவ்வு எதுக்குத்தான் இருக்கு?"

மார்னி அவனுடைய வலது முழங்காலைக் குனிந்து பார்த்தாள்.

"அன்னிக்கே ஏன் சொல்லல நீ?"

"நீ எங்க கேட்ட? வந்த, என் காலத் தூக்கி மடியில வெச்ச, இழுத்துப் பாத்த, சிரிச்ச, போயிட்ட. நான்கூட நினைச்சேன், இவளுக்குக் கேக்கவே வேணாம்போல, கைலயே எல்லாம் தெரியும்போலன்னு." தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, "கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. காலேஜ்ல சேரும்போது கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னுட்டேன்," என்றான்.

சனிக்கிழமை அவனுக்குச் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். அவன் அப்பா இதுவரை அவன் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஃபுட்பாலும் அறுவடையும் ஒரே மாதங்களில் வருவதற்கு யார் என்ன செய்ய முடியும்? இந்த வருடம் மழை இல்லாமல் சோளம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்பா வருகிறார். இதையெல்லாம் அவன் கெஞ்சாமல், வானிலை சொல்வதுபோலச் சொன்னான்.

"நீ ஒண்ணும் பொய் சொல்லலையே. ரெண்டும் ஒண்ணுன்னு சொன்ன. ரெண்டும் ஒண்ணுதானே. அதையே விட்டுடு. வெள்ளிக்கிழமை ட்ரூடி வரும்போது ரூம்ல நாப்பது கணுக்கால் நிக்கும். உன் வாயிலிருந்து வராட்டி அவங்க என் பக்கம் திரும்பக்கூட மாட்டாங்க."

அவன் சொன்னது முழுக்க உண்மை என்பதுதான் மார்னியைத் தொந்தரவு செய்தது. இரண்டு ஜவ்வும் இல்லாமல் சனிக்கிழமை அவன் மேல் ஒருவன் விழுந்தால், உள்ளே மிச்சமிருக்கும் குருத்தெலும்பும் நசுங்கிப்போகும். பிறகு அந்த ஆள் முப்பது வயதில் டிராக்டரில் ஏறுவதற்கே ஏணி தேடுவான். சொல்லிவிட்டால் அவன் அப்பா வந்து பார்ப்பது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மகனை. அதோடு, அவள் கையைப் பற்றி ஊர் பேசிக்கொண்டிருப்பதும் முடிந்துபோகும். இந்த மூன்றாவது காரணம் முதல் இரண்டைவிட அதிக நேரம் தன் மனதில் நின்றதை அவள் கவனித்தாள். கவனித்ததில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ட்ரூடி பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் மேஜைக்கு வந்து ஒருவனின் கணுக்காலைப் பிடித்தாள். சுற்றிக்கொண்டே, குதிர் எப்படி இருக்கிறான் என்று மார்னியைக் கேட்டாள். ரீமர்ஸ் சுவரோரம் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மிதிப்பது நின்றுவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் மார்னி. "ரெண்டுலயும் ஜவ்வு இல்ல."

ட்ரூடியின் கையில் டேப் பாதியில் நின்றது. அந்தக் கணுக்காலை ஏமோஸிடம் ஒப்படைத்துவிட்டு ரீமர்ஸைப் படுக்கச் சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து மார்னி பார்த்தது அதுதான் முதல்முறை. எப்போது, எப்படி, சத்தம் கேட்டதா, எவ்வளவு நேரத்தில் வீங்கியது, படி இறங்கும்போது கால் நழுவுகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். ரீமர்ஸ் கூரையைப் பார்த்தபடி பதில் சொன்னான். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் காலைத் தொட்டாள். இழுத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலம் அணியின் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சனிக்கிழமை பற்றி யாரும் அவரிடம் கேட்கத் துணியவில்லை.

கோச் ஷ்ரேடருக்கு முகம் சிவந்துவிட்டது. முந்தாநாள் சரியாக இருந்த கால் ஒரே நாளில் எப்படிப் போகும் என்று கத்தினார். என் மாணவிதான் கண்டுபிடித்தாள் என்று ட்ரூடி அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அது பாராட்டு. அதன் பலன், அடுத்த பத்து நிமிடத்தில் மார்னியின் மேஜை முன் நின்ற வரிசை கலைந்து ட்ரூடியின் மேஜைக்கு நகர்ந்தது. தொட்டால் அடிபடாது என்று நம்பியவர்களுக்கு, தொட்டால் ஆட்டமே போய்விடும் என்று நம்ப அதிக நேரம் தேவைப்படவில்லை.

எல்லாரும் போன பிறகு ட்ரூடி துண்டுகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

"தப்பா சொன்னதும் நீதான், சரியா சொன்னதும் நீதான். கோச்கிட்ட ரெண்டாவத மட்டும்தான் சொன்னேன். முழங்கால் பரீட்சைல நீ பாஸ்னு போட்டிருந்தேன், அத அழிச்சிட்டேன். மறுபடியும் செய்."

"யாரோட கால்ல?"

"யாரோட கால்லயும் இல்ல. முதல்ல ஒரு ஆளோட பேசிக் காட்டு."

சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் கடைசி வருட மாணவர்கள் ஒவ்வொருவராகப் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவே நடந்தார்கள். ரீமர்ஸ் ஜீன்ஸும் அணிச் சட்டையும் போட்டு, டாக்டர் கொடுத்த ஊன்றுகோலில் நடந்தான். பக்கத்தில் அவனைப்போலவே அகலமான ஒருவர், விதைக் கம்பெனித் தொப்பியைக் கழற்றாமல் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவரும் லேசாகச் சாய்ந்துதான் நடந்தார். ரீமர்ஸின் இடத்தில் ஆடியவன் முதல் வருடப் பையன். எல்லாரும் பயந்ததற்கு மாறாக அவன் நன்றாகவே ஆடினான். இரண்டாம் கால்பகுதி முடிவதற்குள் அணி நிறையப் புள்ளிகள் முன்னால் இருந்தது. ரீமர்ஸுக்கு அது அடிபட்டதைவிட அதிகமாக வலித்தது என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து அவன் மார்னியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் நீட்டினால் வாங்கிக் குடித்துவிட்டு, பாட்டிலை வேறு யாரிடமாவது கொடுத்தான்.

இடைவேளையில் வேலிக்கு அந்தப்பக்கம் அந்த விதைக் கம்பெனித் தொப்பி வந்து நின்றது. மார்னியைக் கைகாட்டிக் கூப்பிட்டது. அவள் இரண்டு கையிலும் பாட்டில் கூடைகளோடு போனாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள்.

"என் பையனோட முட்டிய இழுத்துப் பாத்தது நீதானாம்மா?"

ஆமாம் என்றாள்.

அவர் மைதானத்தைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு வேலிக் கம்பியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். "இதையும் கொஞ்சம் பிடிச்சுப் பாரு," என்றார்.

ஆட்டக்காரர்களைத் தவிர வேறு யாரையும் தொட அவளுக்கு அனுமதி இல்லை. தூரத்திலிருந்து ட்ரூடி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை மெதுவாக இடமும் வலமும் அசைத்தாள். அந்தக் கால் கண்ணெதிரே இருந்தது, வீங்கி, கோணலாக, வகுப்பில் ஒருநாளும் கிடைக்காத கால். மார்னி கூடைகளைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் கை தானாகப் போய்விடும் என்று பயந்தாள்.

"நான் தொடக்கூடாதுங்க. எப்பலேருந்து வலிக்குது?"

"எப்பலேருந்தா?" அந்த மனிதர் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை என்பதுபோல அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அத சொல்லணும்னா எங்கப்பா அந்தப் பழைய களஞ்சியத்துக்குக் கூரை போட்ட வருஷத்துலேருந்து ஆரம்பிக்கணும். அப்ப எனக்கு ஒன்பது வயசு. ஏணிய யாரு எடுத்தாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியல."

இடைவேளை முடிந்து அணிகள் திரும்பி ஓடிவந்தன. ஏணியை எடுத்திருக்கக்கூடியவர்களை அவர் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்த ரீமர்ஸ் கழுத்தைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மெதுவாக வேலிப் பக்கம் வந்து, மார்னியின் வலது கையிலிருந்த கூடையை வாங்கித் தரையில் வைத்தான்.

"உக்காந்துக்கோ," என்றான். "அவரு என் பாட்டன் காலத்துக்குப் போயிட்டாரு. ஆட்டம் முடியறதுக்குள்ள முட்டிக்கு வந்தா உன் அதிர்ஷ்டம்."